ஓவர்ஹால் பண்ணின பழைய எஞ்சின் ஆயில் கசியுதா, புகை தள்ளுதா? பிரிக்கிறதுக்கு முன்னாடி ப்ரீதரைப் பாருங்க

ரீபோர் பண்ணி, புது பிஸ்டன், புது ரிங், புது பேரிங், எல்லா சீலும் மாத்தி, மாசக்கணக்குல உழைச்சு ஒரு பழைய எஞ்சினை வண்டியில ஏத்தி ஓட்டிப் பாக்குறோம், ஒரு 200 கிமீ கூட ஆகியிருக்காது, பெல் ஹவுசிங் (எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருற கூடு) அடியில ஒரு சொட்டு ஆயில். மறுநாள் நாலு சொட்டு. உடனே பாக்குறவங்க எல்லாரும் சொல்றது "பின் சீல் சரியா உக்காரல, கியர்பாக்ஸை இறக்கு". நானும் அதைக் கேட்டு ஒரு நாலு சிலிண்டர் எஞ்சினுக்கு ரெண்டு தடவை கியர்பாக்ஸ் இறக்கினேன், ரெண்டு தடவையும் புது சீல், ரெண்டு தடவையும் அதே இடத்துல அதே சொட்டு. மூணாவது தடவை இறக்குறதுக்கு முன்னாடி டிப்ஸ்டிக் ஓட்டையில ஒரு தண்ணி டியூப்பை மாட்டிப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, கிராங்க் கேஸ்ல (கிராங்க் ஷாஃப்ட் சுத்துற எஞ்சினோட கீழ்ப்பகுதி) இருந்து காத்து வெளிய போக வழியே இல்லாம உள்ள அழுத்தம் ஏறிக்கிட்டு இருந்திருக்கு. பிளாக்கோட பக்கவாட்டு மூடியில ஒரு சின்ன டப்பா மாதிரி ப்ரீதர், அதாவது அந்தக் காத்து வெளிய போற வழி, இருந்துச்சு, அதுக்குள்ள இருக்குற கம்பி வலை பழைய ஆயில் கரியால கல்லு மாதிரி இறுகிப்போயிருந்துச்சு. வெளிய நல்லா பெயின்ட் அடிச்சு மாட்டியிருந்தோம், உள்ள யாரும் பாக்கல. அதைச் சுத்தம் பண்ணி மாட்டின அன்னிக்கே கசிவு நின்னுது.

அதனால சீல், ரிங்னு கை வைக்கிறதுக்கு முன்னாடி எஞ்சின் ஒழுங்கா மூச்சு விடுதான்னு பாக்கணும். அதுக்குத்தான் இதை அறிகுறி வாரியா எழுதுறேன்.

முதல்ல கொஞ்சம் அடிப்படை. எவ்வளவு நல்ல எஞ்சினா இருந்தாலும் ரிங் இடைவெளி வழியா கொஞ்சம் எரிஞ்ச வாயு கீழ கிராங்க் கேஸுக்கு இறங்கத்தான் செய்யும், இதைத்தான் மெக்கானிக்குங்க பேக் கம்ப்ரஷன்னு சொல்றாங்க. அதோட தண்ணி ஆவியும் எரியாத பெட்ரோலும் சேர்ந்து வரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி உண்டாகுது, பெரும்பகுதி சைலன்சர் வழியா போயிடும், ஆனா ரிங்கைத் தாண்டி இறங்குற கொஞ்சமே ஆயிலைக் கெடுக்கப் போதும். இதெல்லாம் வெளியேற ஒரு வழி வேணும், அந்த இடத்துக்கு நல்ல காத்து உள்ள வர இன்னொரு வழி வேணும். உள்ள வர்ற வழி, வெளிய போற வழி, இறங்குற வாயுவோட அளவு, இந்த மூணுல எது கெட்டிருக்குன்னு கண்டுபிடிக்கிறதுதான் முழு வேலையும்.

உங்க எஞ்சின்ல எந்த வகை இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் மேல போகணும், ஏன்னா ஒரு வகைக்குச் சரியா இருக்குறது இன்னொரு வகைக்குக் கோளாறு. ரொம்பப் பழசுல எஞ்சின் பக்கத்துல இருந்து கீழ தொங்குற ஒரு குழாய் இருக்கும், நுனியைச் சாய்வா வெட்டியிருப்பாங்க, வண்டி ஓடும்போது அடியில போற காத்து அந்த நுனியில லேசா உறிஞ்சும், ஆயில் ஊத்துற மூடியில இருக்குற வலை வழியா நல்ல காத்து உள்ள வரும். வண்டி நின்னுட்டா உறிஞ்சலும் நின்னுடும், அதனால ஐடில்ல மூடியில லேசா ஆவி தெரியுறது இந்த வகைக்கு சகஜம். அடுத்தது பிசிவி வால்வு, கிராங்க் கேஸ் வாயுவை இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காத்தும் பெட்ரோலும் போற குழாய்) வேக்குவத்தால உறிஞ்சுறது. கலிபோர்னியாவுல 1961 மாடல்ல இருந்து இது வந்துச்சு, 1963ல அமெரிக்கா முழுக்க அந்த நாட்டுக் கார்கள்ல பரவிடுச்சு, 1968 மாடல்ல இருந்து வெளிக்காத்துக்கே திறக்காத மூடின அமைப்பு ஆச்சு. மூணாவது, வால்வே இல்லாம ஏர் கிளீனருக்கோ கார்ப்பரேட்டர் உடம்புல இருக்குற ஒரு குழாய்க்கோ நேரா ஹோஸ் போற வகை. ஓவர்ஹால் பண்ணின எஞ்சின்ல நான் அடிக்கடி பாக்குறது கலப்படம்தான், ஒரு வருஷத்து பிளாக், வேற வருஷத்து டேப்பட் கவர் (எஞ்சின் உச்சியில வால்வுகளை மூடுற கவர்), எதுக்கோ வந்த ஆயில் மூடி. மூணும் தனித்தனியா நல்ல சாமான், சேர்ந்தா வழி அடைபட்டுப் போகும்.

இப்ப தண்ணி டியூப் சோதனை. செலவே இல்லாதது, இதை விட நம்பகமான ஒண்ணு எனக்குத் தெரியாது. ரெண்டு மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் டியூப்பை எடுத்து ஒரு பலகையில யு வடிவத்துல கட்டுங்க, ஒவ்வொரு காலும் ஒரு முக்கால் மீட்டர் உயரம் இருக்கட்டும், பாதிக்கும் கீழ தண்ணி ஊத்துங்க, ஒரு முனையை டிப்ஸ்டிக் ஓட்டையில காத்து கசியாம மாட்டுங்க, இன்னொரு முனை திறந்தே இருக்கட்டும். உயரம் குறைச்சலா வச்சா வேக்குவம் அதிகமா இருக்குற எஞ்சின் அந்தத் தண்ணியை உள்ளயே இழுத்துடும், அதுல கவனமா இருங்க. சில எஞ்சின்ல டிப்ஸ்டிக் குழாய் ஆயிலுக்குள்ளயே முங்கியிருக்கும், அங்க வர்ற அளவு தப்பு, அப்ப டேப்பட் கவர்ல இருந்து எடுங்க. எஞ்சினை நல்லா சூடாக்கிட்டு ஐடில்ல பாருங்க. எஞ்சின் பக்கத்துக் கால்ல தண்ணி ஏறினா உள்ள உறிஞ்சல், திறந்த பக்கம் ஏறினா உள்ள அழுத்தம். ரெண்டு மட்டத்துக்கும் நடுவுல 70 செமீ வித்தியாசம் வந்தா அது சுமார் 1 பிஎஸ்ஐ. பிசிவி எஞ்சின்ல ஐடில்ல ஒரு சில செமீ உறிஞ்சல் இருந்தா நல்லது, ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்க அது பூஜ்யத்துக்குப் பக்கத்துல வரும். ஐடில்லயே வெளிப்பக்கமா அஞ்சாறு செமீ தள்ளுச்சுன்னா எங்கயோ வழி அடைச்சிருக்குன்னு நான் முடிவு பண்ணிடுவேன்.

பின் சீல்ல கசிவு, டிப்ஸ்டிக் தானா மேல வருது, கேஸ்கெட் எல்லாம் வியர்க்குது

இது சுத்தமான அழுத்த அறிகுறி. ஒரு இடத்துல கசிஞ்சா அந்த சீல் மேல சந்தேகப்படலாம், முன் சீல், பின் சீல், சம்ப் (அடியில ஆயில் தேங்குற தொட்டி) கேஸ்கெட், டேப்பட் கவர்னு நாலு இடத்துல ஒரே நேரத்துல கசிஞ்சா அத்தனை சீலும் ஒண்ணா கெட்டிருக்க வாய்ப்பே இல்ல. அதுலயும் பழைய பிரிட்டிஷ் எஞ்சின்கள் பலதுல பின்னாடி ரப்பர் சீலே கிடையாது, கிராங்க் ஷாஃப்ட்ல திருகு மாதிரி வெட்டின பள்ளம்தான் ஆயிலைத் திரும்ப உள்ள தள்ளும், எம்ஜிபிங்கற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரோட மூணு மெயின் பேரிங் எஞ்சின் அப்படித்தான். அந்தப் பள்ளத்தால அழுத்தத்தைத் தாங்கவே முடியாது, உள்ள கொஞ்சம் தள்ளினாலும் ஆயில் நேரா கிளட்ச் பக்கம் போயிடும். அந்த மாதிரி எஞ்சினுக்கு ப்ரீதரே பாதி சீல்.

தண்ணி டியூப் மாட்டின நிலையிலயே ஐடில்ல ஆயில் ஊத்துற மூடியைக் கழட்டுங்க. அழுத்தம் உடனே பூஜ்யத்துக்கு விழுந்து, மூடி ஓட்டையில இருந்தும் பெருசா புகை தள்ளலன்னா, இறங்குற வாயு அளவாத்தான் இருக்கு, போற வழிதான் அடைச்சிருக்கு. அப்ப வெளிய போற வழியை ஒரு முனையில இருந்து கடைசி வரை கழட்டிப் பாருங்க. பக்கவாட்டு மூடியில இருக்குற டப்பாவுக்குள்ள வலை, நான் மேல சொன்னது, அதை மண்ணெண்ணெய்லயோ கரைப்பான்லயோ ராத்திரி முழுக்க ஊறவச்சு, வாய் வச்சு ஊதினா தடையே இல்லாம காத்து போகணும், லேசா தடை தெரிஞ்சாலும் திரும்ப ஊறவைங்க. கேஸ்கெட்ல ப்ரீதர் ஓட்டை இருக்கான்னு பாருங்க, சில செட்ல வர்ற கேஸ்கெட்ல அந்த ஓட்டையே வெட்டியிருக்க மாட்டாங்க. சீலன்ட் தாராளமா போட்டிருந்தா உள்பக்கம் பிதுங்கி வழியை மூடியிருக்கும். ஹோஸ் வெளிய நல்லா இருந்தாலும் சூடானதும் உறிஞ்சல்ல ஒட்டிக்கும், எஞ்சின் சூடா இருக்கும்போது கையால தொட்டுப் பாத்தாத்தான் தெரியும். ரேடியேட்டர் ஹீட்டர் ஹோஸ்ல ஒரு துண்டு வெட்டி மாட்டிடுறது பலபேர் பழக்கம், அந்த ரப்பர் ஆயில் பட்டா ஊறி வீங்கி உள்ள குறுகிடும், ஆயிலும் பெட்ரோலும் தாங்குற நைட்ரைல் ஹோஸ்தான் போடணும். ஹோஸ் நடுவுல தொங்கி வளைஞ்சிருந்தா அந்தப் பள்ளத்துல தண்ணி தேங்கும், குளிர் ஊர்ல அது ஐஸ் ஆகி மொத்தமா அடைக்கும், அதனால சரிவா ஒரே பக்கம் இறங்குற மாதிரி விடுங்க.

பிசிவி வால்வு திருப்பி மாட்டியிருந்தாலும் இதே கதைதான். மேனிஃபோல்டு இழுக்க இழுக்க உள்ள இருக்குற பிளஞ்சர் போய் சீட்ல உக்காந்து மூடிக்கும், ஐடில் எல்லாம் நல்லா இருக்கும், அதனால யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. கழட்டி ஆட்டினா கடகடன்னு சத்தம் வந்தா வால்வு நல்லதுன்னு சொல்லுவாங்க, அது பிளஞ்சர் ஒட்டிக்கலன்னு மட்டும்தான் சொல்லும், அது உங்க எஞ்சினுக்கான வால்வான்னு சொல்லாது.

மூடியைத் திறந்தா புகை வண்டி மாதிரி தள்ளுது

வழி எல்லாம் சுத்தம், ஆனாலும் தள்ளுதுன்னா இப்ப வாயுவோட அளவைப் பத்திப் பேசலாம். புது ரிங் உக்கார நேரம் எடுக்கும், முதல் சில நூறு கிமீ வரைக்கும் பேக் கம்ப்ரஷன் கூடுதலா இருக்குறது இயல்பு. அந்த நேரத்துல எஞ்சினை ஷெட்லயே மணிக்கணக்கா ஐடில்ல விட்டு "ரன்னிங் இன்" பண்றதுதான் பெரிய கேடு, ரிங் சுவரோட ஒட்டி உரசுறதுக்கு அதுக்குப் பின்னாடி அழுத்தம் வேணும், லோடு இல்லாம ஓட்டினா அந்த அழுத்தம் வராது, போர் சுவர்ல, அதாவது சிலிண்டரோட உள் சுவர்ல, கண்ணாடி மாதிரி வழுவழுப்பு ஏறிடும், அப்புறம் ரிங் உக்காரவே உக்காராது. ரோட்டுல எடுத்துப் போய், நடுத்தர வேகத்துல டாப் கியர்ல ஆக்ஸிலேட்டரை நல்லா கொடுத்து, பிறகு காலை எடுத்து வண்டியை அது பாட்டுக்கு இறங்க விட்டு, இதையே பத்துப் பதினஞ்சு தடவை பண்ணுங்க, எஞ்சினைத் திணற விடாம, ரொம்ப சுத்தவும் விடாம. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் தண்ணி டியூப் அளவை எழுதி வைங்க. குறைஞ்சுக்கிட்டே வந்தா பொறுமையா இருங்க, எஞ்சின் தன் வேலையைப் பாத்துக்கிட்டு இருக்கு.

புகை ஒரே சீரா வருதா, இல்ல புஸ் புஸ்னு தாளத்தோட வருதான்னு கவனிங்க. தாளத்தோட வந்தா ஒரு சிலிண்டர்தான் குற்றவாளி. ஐடில்ல ஒவ்வொரு பிளக் வயரா கழட்டி எர்த் பண்ணிப் பாத்தா, எந்த சிலிண்டரை நிறுத்தினதும் புகை தணியுதோ அதுதான். லீக் டவுன் டெஸ்டர் (சிலிண்டருக்குள்ள ஏத்துற காத்துல எத்தனை சதவீதம் கசியுதுன்னு காட்டுற கருவி) கிடைச்சா இன்னும் நல்லது, காத்தை ஏத்திட்டு ஆயில் மூடி ஓட்டையில காதை வைங்க. 10 சதவீதத்துக்குள்ள இருந்தா அருமை, 20க்கு மேல போய் சத்தம் அந்த ஓட்டையில கேட்டா ரிங் பக்கம்தான்.

ஆனா ரிங்னு தீர்ப்பு எழுதுறதுக்கு முன்னாடி ஏமாத்துற விஷயம் மூணு இருக்கு. ஒண்ணு, மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்போட டயஃப்ரம் கிழிஞ்சு பெட்ரோல் சம்புக்குள்ள இறங்குறது, டிப்ஸ்டிக்ல ஆயில் மட்டம் ஏறியிருக்கும், மோந்து பாத்தா பெட்ரோல் வாடை, இது தெரிஞ்சா எஞ்சினை ஓட்டவே ஓட்டாதீங்க, பம்பையும் ஆயிலையும் மாத்திட்டுத்தான் ஸ்டார்ட். ரெண்டு, எக்ஸாஸ்ட் வால்வு கைடு தேய்ஞ்சு வாயு டேப்பட் கவருக்குள்ள வர்றது, பிளாக் மட்டும் புதுசாப் பண்ணிட்டு ஹெட்டை அப்படியே மாட்டின எஞ்சின்ல இது சாதாரணம். மூணு, ஹெட் கேஸ்கெட் ஒரு புஷ்ராட் ஓட்டைப் பக்கம் லீக் ஆகுறது. இந்த மூணுக்கும் பிஸ்டனை வெளிய எடுக்க வேண்டியதே இல்ல.

ஏர் கிளீனருக்குள்ள ஆயில் தேங்குது

மூடின அமைப்புல முழு ஆக்ஸிலேட்டர்ல மேனிஃபோல்டு வேக்குவம் விழுந்துடும், பிசிவி வால்வால அப்ப அதிகம் இழுக்க முடியாது, அதே நேரம் இறங்குற வாயு உச்சத்துல இருக்கும், மிச்சம் நல்ல காத்து வர்ற ஹோஸ் வழியாவே திரும்பி ஏர் கிளீனருக்குப் போகும், வடிவமைப்பே அப்படித்தான். அதனால லேசா ஈரம் இருந்தா கவலைப்படாதீங்க. குட்டை மாதிரி தேங்கினா பிசிவி பக்கம் அடைச்சிருக்கு, எல்லாமே அந்த ஒரே ஹோஸ்லதான் வெளிய வருதுன்னு அர்த்தம். ஆயிலை மேக்ஸ் கோட்டுக்கு மேல ஊத்தியிருந்தாலும் கிராங்க் அதை அடிச்சு நுரையாக்கி இதே வேலையைச் செய்யும், முதல்ல டிப்ஸ்டிக்கைப் பாருங்க.

நீலப் புகை, பிளக்ல ஆயில், ஆனா கம்ப்ரஷன் நல்லா இருக்கு

இந்த இடத்துலதான் நல்ல எஞ்சின்களை வீணா பிரிக்கிறாங்க, அது பாக்கவே மனசுக்குக் கஷ்டமா இருக்கும். கம்ப்ரஷன் எல்லா சிலிண்டர்லயும் ஒரே மாதிரி நல்லா இருக்கு, புகை மட்டும் நீலமா வருதுன்னா ஆயில் மேனிஃபோல்டு வழியா வருதான்னு பாக்கணும். பிசிவி ஹோஸைக் கழட்டி மேனிஃபோல்டு பக்கத்தை அடைச்சிட்டு, எஞ்சின் பக்கத்தை ஒரு பாட்டிலுக்குள்ள திறந்து விட்டு, ஒரு 30 கிமீ ஓட்டிட்டு வாங்க. புகை நின்னுட்டா ரிங்கும் வால்வு கைடும் தப்பிச்சுது.

காரணம் பெரும்பாலும் டேப்பட் கவர். பழைய தகரக் கவர்ல ப்ரீதர் குழாய்க்குக் கீழ ஒரு தடுப்புத் தகடு இருக்கும், ராக்கர்ல இருந்து தெறிக்கிற ஆயில் நேரா குழாய்க்குப் போகாம அது தடுக்கும். அழகுக்காக மாட்டுற குரோம் கவர்லயும் அலுமினியம் கவர்லயும் பல நேரம் அந்தத் தகடு இருக்காது, பிசிவி வால்வு ராக்கருக்கு நேர் மேல உக்காந்து ஆயிலையே குடிக்கும். வி8 எஞ்சின்ல இன்டேக்குக்கு அடியில இருக்குற தகட்டை சுத்தம் பண்ணக் கழட்டிட்டு திரும்ப மாட்ட மறந்தாலும் இதேதான். ஒரு தகடு செஞ்சு ரிவெட் பண்ணுங்க, ஆனா ரிவெட் உள்ள விழாத மாதிரி உறுதியா, இல்லன்னா வால்வை வேற இடத்துக்கு மாத்துங்க. ஹோஸ் நடுவுல ஒரு கேட்ச் கேன் (ஆயிலைப் பிடிச்சு வைக்கிற டப்பா) வைக்கலாம், உள்ள வலையோ தடுப்போ இருக்கணும், வெறும் டப்பா ஒண்ணும் பிடிக்காது, பிசிவி லைன்ல வைக்கிறதா இருந்தா அது வெளிக்காத்துக்குத் திறந்திருக்கவே கூடாது.

ஒரே ஒரு சிலிண்டர் பிளக் மட்டும் ஆயிலா இருந்தா, மேனிஃபோல்டுல பிசிவி எங்க இணைச்சிருக்காங்கன்னு பாருங்க. பழைய எஞ்சினுக்கு புதுசா பிசிவி பண்ணும்போது வசதியா இருக்குதேன்னு ஒரு ரன்னர்ல ஓட்டை போட்டுடுவாங்க, மொத்த ஆயிலும் மொத்தக் காத்தும் அந்த ஒரு சிலிண்டருக்கே போகும், அது லீனாவும் (காத்து கூடி, பெட்ரோல் குறைஞ்சு) ஓடும். கார்ப்பரேட்டருக்கு நேர் கீழயோ, இரட்டைக் கார்ப்பரேட்டர்னா நடுவுல இருக்குற பேலன்ஸ் பைப்லயோதான் இணைக்கணும், எல்லா சிலிண்டரும் பங்கு போட்டுக்கும்.

ஐடில் ஆடுது, இல்லன்னா விசில் சத்தம்

பிசிவிங்கறது அளவு பாத்து வச்ச ஒரு காத்துக் கசிவு. இல்லாத எஞ்சினுக்கு அதை மாட்டினா ஐடில் மிக்சரைத் திரும்ப செட் பண்ணியே ஆகணும். ஹோஸைக் கிள்ளிப் பிடிச்சா ஐடில் கொஞ்சம் இறங்கணும், மாற்றமே இல்லன்னா அடைப்பு, எஞ்சின் திடீர்னு ரொம்ப நல்லா ஓட ஆரம்பிச்சா வால்வு திறந்தே மாட்டிக்கிட்டிருக்கு இல்ல பெரிய எஞ்சினோட வால்வு. வேகத்துக்காக மாத்தின ரேஸ் மாதிரி கேம் ஷாஃப்ட் போட்ட எஞ்சின்ல ஐடில் வேக்குவம் குறைச்சல், பிளஞ்சர் நிலையா நிக்காம டிக் டிக்னு அடிக்கும், அதுக்கு ஸ்பிரிங் பலம் பொருந்துற வால்வோ அட்ஜஸ்ட் பண்ற வகையோ வேணும்.

எம்ஜிபியில 1964ல இருந்து 1968 வரைக்கும், அப்புறம் மினியிலயும் வந்த ஸ்மித்ஸ் வால்வு வேற மாதிரி, உள்ள ஒரு ரப்பர் டயஃப்ரம் இருக்கும். எஞ்சின் சூடா ஐடில்ல இருக்கும்போது ஆயில் மூடியைக் கழட்டினா வேகம் சுமார் 200 ஆர்பிஎம் ஏறணும், ஏறலன்னா வால்வு வேலை செய்யல. டயஃப்ரம் கிழிஞ்சிருந்தா மாத்துங்க, ஒட்டிப் பாக்காதீங்க.

விசில் இல்ல ஊளை மாதிரி சத்தம் பின்பக்கமோ முன்பக்கமோ வந்து, மூடியைக் கழட்டினதும் நின்னுட்டா, பிரச்சினை தலைகீழ், உள்ள உறிஞ்சல் அதிகம். நல்ல காத்து வர வழியில்லாததால எஞ்சின் சீலோட உதட்டு வழியா காத்தை இழுக்குது, தூசியும் சேர்ந்து வரும். அழகான புது மூடி மாட்டியிருப்பீங்க, அதுல துளையே இருக்காது. துளை உள்ள மூடி, அதுக்குள்ள ஃபில்டர், இல்லன்னா டேப்பட் கவர்ல அளவான துளை உள்ள குழாய், உங்க அமைப்பு எதைக் கேக்குதோ அதைக் கொடுங்க. பின்னாடி வந்த எம்ஜிபியில அந்தத் துளை சுமார் 2 மிமீதான், அதை பெருசாக்கினா உறிஞ்சலே போயிடும், மிக்சரும் கெடும்.

மூடிக்கு அடியில வெள்ளைக் கூழ்

பாத்ததும் ஹெட் கேஸ்கெட் போச்சுன்னு பதறாதீங்க. ரேடியேட்டர் தண்ணி குறையலன்னா, டிப்ஸ்டிக்ல ஆயில் தெளிவா இருந்தா, அது ஆவி குளிர்ந்து ஆயிலோட கலந்த கூழ். குறைஞ்ச தூரம் ஓட்டி நிறுத்துற வண்டியில வரும், ஆயில் 80, 90 டிகிரிக்கு ஏறி கொஞ்ச நேரம் நின்னாத்தான் தண்ணி ஆவியாகி வெளிய போகும். தெர்மோஸ்டாட் இல்லாம ஓட்டுறவங்க அதை மாட்டுங்க. வாரத்துல ஒரு தடவை அரைமணி நேரம் நல்லா ஓட்டியும் கூழ் திரும்ப வந்தா நல்ல காத்து வர்ற வழி அடைச்சிருக்கு.

வண்டிக்குள்ள ஆயில் வாடை வந்தா, திறந்த ப்ரீதர் வெளிக்காத்து எடுக்குற இடத்துக்குப் பக்கத்துல இருக்கும், குழாயைக் கீழ வரைக்கும் நீட்டுங்க, அவ்வளவுதான்.

இத்தனையும் பாத்து, வழி எல்லாம் சுத்தம், 1000 கிமீ தாண்டிடுச்சு, தண்ணி டியூப் இன்னும் வெளியதான் தள்ளுது, லீக் டவுன்லயும் ஆயில் மூடியில சத்தம் வருதுன்னா, அப்ப பிரிங்க. பிரிக்கும்போது ஒவ்வொரு ரிங்கையும் எந்தப் பக்கம் மேல இருந்துச்சுன்னு போட்டோ எடுத்துக்கிட்டே கழட்டுங்க. ரெண்டாவது ரிங் தலைகீழா இருந்தா அது ஆயிலை வழிக்கிறதுக்குப் பதிலா மேல ஏத்தும், அதுல "டாப்"னு இல்ல ஒரு புள்ளி அடையாளம் இருக்கும், அது மேல பாக்கணும். ரிங்கை வெறும் போருக்குள்ள வச்சு பிஸ்டனால நேராத் தள்ளி இடைவெளியை ஃபீலர் கேஜ்ல அளங்க, 75 மிமீ போருக்கு 0.3 மிமீ பக்கத்துல இருந்தா சரி, அதை விட ரொம்ப அகலமா இருந்தா தப்பு சைஸ் ரிங். போர் சுவர்ல ஹோனிங் கோடு குறுக்கும் நெடுக்குமா தெரியாம பளபளன்னு இருந்தா, லேசா ஹோன் பண்ணி, சோப்புத் தண்ணியில துணி அழுக்காகாத வரைக்கும் கழுவி, உடனே ஆயில் தடவி, புது ரிங் போட்டு மாட்டுங்க. மாட்டி முடிச்சதும் முதல் வேலையா அதே தண்ணி டியூப்பை அதே ஓட்டையில மாட்டி, வர்ற அளவைப் பழைய அளவுக்குப் பக்கத்துலயே எழுதி வைங்க.